மொராக்கோவிலிருந்து ஒரு மோசசார் பல்: முதன்முறை வாங்குபவர்களுக்கு

மோசசார் என்பது என்றோ அழிந்துபோன கடல் பல்லி; அதன் புதைபடிவப் பற்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாடையோடு வரும் பல்லை வாங்காதீர்கள். மூன்று நான்கு பற்கள் வரிசையாக நிற்கும், அடியில் மணல் நிறத்தில் எலும்பு, சுற்றிலும் மண். படத்தில் பார்த்தால் விட மனசு வராது. நானும் அப்படித்தான் மாட்டினேன். ஒரு மழைக்காலத்தில் அந்தத் தாடையின் ஒரு மூலை நொறுங்கி விழுந்தது. உள்ளே மஞ்சளாகப் பசை. பல் மருத்துவரான நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்துக்கொண்டே எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். மூன்று பற்களில் ஒன்று ஒரு விலங்கினுடையது, அடுத்தது வேறொன்றினுடையது, மூன்றாவதற்கு வேரே இல்லை. வேர் இருக்க வேண்டிய இடத்தில் மணலும் பசையும்தான்.

வேடிக்கை என்னவென்றால், பற்கள் மூன்றும் நிஜம். மொராக்கோவிலிருந்து வரும் சரக்கைப் பற்றி முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். நிஜப் பல்லே அங்கே மலிவு. ஆகவே பல்லைப் போலியாகச் செய்ய யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. பல்லைச் சுற்றியிருப்பதைத்தான் செய்கிறார்கள். கீழே சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம் இந்த ஒன்றைப் பிடிப்பதற்குத்தான்.

எந்த விலங்கு, எந்த மண்

மோசசார் டைனோசர் அல்ல. உடும்பு, பாம்பு வகையறாவுக்குச் சொந்தமான கடல் பல்லி. கால்கள் துடுப்பாகி, வால் நுனியில் மீனுக்கு இருப்பதுபோல் தட்டை வளர்ந்து, சில இனங்கள் 10 மீட்டரையும் தாண்டின. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களை முடித்த அதே பேரழிவில் இவையும் முடிந்தன. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் 18ஆம் நூற்றாண்டில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்துதான் இந்த விலங்கை உலகம் அறிந்தது. அங்கே ஓடும் மியூஸ் ஆற்றின் பெயரே விலங்கின் பெயரிலும் ஏறியது.

ஆனால் இன்று விற்பனைக்கு வரும் பற்களில் பெரும்பகுதி மொராக்கோவின் கூரிப்கா பகுதியைச் சேர்ந்தவை. அது பாஸ்பேட் பூமி. 1921இலிருந்து அங்கே பாஸ்பேட் வெட்டுகிறார்கள். உலகின் பாஸ்பேட் இருப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டிடம்தான். உரத்துக்காக வெட்டும் மண்ணில் பற்கள் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் பொறுக்கி உவெத் ஸெம் போன்ற ஊர்களில் வியாபாரிகளிடம் கொடுக்கிறார்கள். பொறுக்காமல் விட்டது அரைபட்டு உரமாகிறது. இந்தியாவும் மொராக்கோவிடமிருந்து பாஸ்பேட் வாங்கும் நாடுதான். நம் வயலில் விழுந்த உரத்தில் ஒரு கடல் பல்லியின் பல் கலந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

இவ்வளவு பற்கள் எப்படி? மோசசாருக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. பழைய பல்லின் வேரோரமாகப் புதுப் பல் உருவாகி, வேரை அரித்துக்கொண்டு மேலே வரும். அதனால் இயல்பாக உதிர்ந்த பல்லில் வேர் பெரும்பாலும் இருக்காது. வேரோடு கிடைத்தால் அது பெரும்பாலும் செத்த விலங்கின் தாடையிலிருந்து வந்தது. வேரின் அடியில் ஒரு பக்கமாகக் குழி இருந்தால், உடைசல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்த பல் முளைக்க ஆரம்பித்த இடம் அது. எனக்கு அப்படிக் குழி விழுந்த பல்தான் அதிகம் பிடிக்கும்.

மண் அடுக்குகளுக்குச் சுரங்கத்தில் எண் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே போகப்போக எண் கூடும். மூன்றாம் அடுக்குதான் மோசசார் அடுக்கு, ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் முதல் 6 கோடியே 60 லட்சம் ஆண்டு வரை பழையது. அதற்கு மேலுள்ள அடுக்குகள் எல்லாம் மோசசார்கள் அழிந்த பிறகு படிந்தவை. இதை மனதில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

காசு கொடுப்பதற்கு முன்: கண்ணைப் பழக்குங்கள்

ஒரு மாதம் எதையும் வாங்காமல் வெறுமனே படங்களைப் பாருங்கள். அருங்காட்சியகங்களின் படங்கள் நல்லது, விற்பனைப் படங்களும் பரவாயில்லை. சில வடிவங்கள் மனதில் பதிந்தால் போதும்.

அதிகம் கிடைப்பது கட்டையான, கூம்பு வடிவப் பல். முன்னும் பின்னும் ஒவ்வொரு விளிம்புக் கோடு ஓடும். வேர் பீப்பாய் போல் உப்பியிருக்கும். இவற்றைப் பல காலமாக புரோக்னதோடான் என்ற பெயரில் விற்று வந்தார்கள். 2022இல் தலசோடைட்டன் அட்ராக்ஸ் என்ற புது இனத்துக்குப் பெயரிட்டபோது, இந்தப் பற்களில் பல அதனுடையவை என்று தெரிந்தது. மண்டையோடு மட்டும் 1.4 மீட்டர். மற்ற மோசசார்களையே வேட்டையாடிய விலங்கு என்கிறார்கள். அதன் பற்கள் நுனி மழுங்கியும் உடைந்தும் கிடைக்கின்றன. எலும்பைக் கடித்துத் தேய்ந்தவை. எனவே நுனி உடைந்த பல்லைப் பார்த்தால் உடைந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அது விலங்கு உயிரோடு இருந்தபோதே உடைந்தது. கூர்மையாக, உள்ளே வெளிறிய நிறம் தெரிந்தால் மண்வெட்டியோ கூரியர்காரரோ உடைத்தது. முதல் வகைக்குக் குறைந்த விலை போட்டிருந்தால் யோசிக்காமல் எடுங்கள். நுனி கூராக இருப்பதைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

மோசசாரஸ் போஜியின் பல்லில் வெளிப்பக்கம் சற்றுத் தட்டை, உட்பக்கம் உருண்டை. மேலிருந்து கீழாகப் பட்டை தீட்டியது போலிருக்கும். விளக்கொளியில் திருப்பினால் பட்டைகள் மின்னும். ஹாலிசாரஸ் பல் சிறியது, மெலிந்தது, பின்னோக்கி வளைந்தது. முதலை மூஞ்சி போல நீண்ட முகம் கொண்ட கேவியாலிமிமஸ் என்ற இனத்தின் பல்லில் செங்குத்தாக மடிப்பு மடிப்பாக வரி இருக்கும். 2020இல்தான் அந்தப் பெயர் வந்தது, பழைய சீட்டுகளில் பிளாட்டிகார்பஸ் என்று எழுதியிருப்பார்கள். அப்புறம் குளோபிடென்ஸ். பல் என்றே சொல்ல முடியாது, காளான் மொட்டு. கிளிஞ்சலை நொறுக்கித் தின்ன விலங்கு. அழகு, ஆனால் விலை அதிகம். முதல் பல்லாக வேண்டாம்.

மோசசார் அல்லாத கடல் ஊர்வனவும் அதே மண்ணில் உண்டு. நீண்ட கழுத்துக்கார பிளீசியோசார் இனமான ஸராஃபாசாராவின் பல் ஊசிபோல் மெலிந்து, வெட்டும் விளிம்பு இல்லாமல், மெல்லிய நெடுங்கோடுகளோடு இருக்கும். கிடைப்பது அரிது. அரிது என்பதாலேயே என்கோடஸ் என்ற மீனின் கோரைப்பல்லை பிளீசியோசார் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் பல்லுக்கு உப்பிய வேர் கிடையாது, அடியில் ஒரு துண்டு எலும்புதான் ஒட்டியிருக்கும். டைரோசாரஸ் என்ற முதலையினத்தின் பற்களும் மோசசார் என்ற பெயரில் வருவதுண்டு. அவை மேல் அடுக்குகளைச் சேர்ந்தவை.

எனக்கு இன்னும் சில பற்களை இனம் பிரிக்க வராது. தாடையில் முன்பல் ஒரு மாதிரி, பின்பல் வேறு மாதிரி இருக்கும் விலங்குகளில் தனிப் பல்லை வைத்து முழுப் பெயரும் சொல்வது நிபுணருக்கே கஷ்டம். விற்பவர் எல்லாப் பல்லுக்கும் இரண்டு சொல் அறிவியல் பெயர் வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ‘மோசசார், இனம் தெரியவில்லை’ என்று எழுதுகிறவரிடம் நம்பி வாங்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அது. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச். காதுகுடையும் பஞ்சுக்குச்சி. மெல்லிய பிரஷ், மூங்கில் குச்சி. சுத்தமான அசிட்டோன் கொஞ்சம். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படியில் இந்த வேலை வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெர்மாகோல் கப்பில் ஊற்றாதீர்கள், கப் கரைந்து மேசைக்கு வந்துவிடும். கண்ணாடிச் சீசா போதும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

சாதாரண வேருள்ள தனிப் பல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றரை, இரண்டு அங்குலம் போதும். அந்த அளவுக்கு விலை பெரும்பாலும் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். பிறகு விற்பவருக்கு எழுதுங்கள்: நான்கு பக்கமும் படம், வேரின் அடிப்பக்கம் ஒரு படம், எங்காவது ஒட்டியிருக்கிறார்களா, எந்தச் சுரங்கப் பகுதி. சிதி தாவூய், சிதி ஷென்னான் என்று இடம் சொன்னால் மகிழ்ச்சி. வெறும் ‘மொராக்கோ’ என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஒட்டியிருப்பது குற்றமல்ல. அந்த மண்ணில் வேர் பிஸ்கட் மாதிரி. தோண்டும்போது தலை வேறு வேர் வேறாகப் பிரிவது சகஜம். அதே பல்லின் இரண்டு துண்டுகளை ஒட்டினால் அது பழுதுபார்த்தல். ஒரு பல்லின் தலையை இன்னொன்றின் வேரில் ஒட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அது மோசடி. ‘ஒட்டு எதுவும் இல்லை’ என்று எல்லாப் பல்லுக்கும் சத்தியம் செய்கிறவரைவிட, ‘கழுத்தில் ஒரு ஒட்டு இருக்கிறது’ என்று தானாகச் சொல்கிறவரிடமே நான் மறுபடி மறுபடி வாங்கியிருக்கிறேன்.

ஏற்றுமதி விஷயம். மொராக்கோவிலிருந்து புதைபடிவங்களை வெளியே கொண்டுபோக அந்நாட்டுச் சுரங்கத் துறையின் அனுமதி வேண்டும். உங்களுக்கு விற்பவர் ஐரோப்பாவில் இருந்தாலும் சரக்கு முதலில் எப்படி வெளியே வந்தது என்று கேட்பதில் தவறில்லை. இந்தியாவுக்கு வரவழைக்கும்போது பில்லில் ‘புதைபடிவப் பல்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்; தொல்லுயிரியல் சேகரிப்புப் பொருள்களுக்குச் சுங்கத்தில் 9705 என்ற தலைப்பு உண்டு. ‘பரிசு என்று போட்டு அனுப்புகிறேன், வரி வராது’ என்று ஆசை காட்டுவார்கள். பார்சல் மாட்டினால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள், அவரல்ல.

பார்சல் வந்த அன்று

அவசரப்பட்டுக் கழுவாதீர்கள். முதலில் வெறும் கண்ணால், பிறகு லென்ஸால்.

பல்லின் தலையைப் பாருங்கள். எனாமல் தேன் நிறத்திலிருந்து காப்பி நிறம் வரை எதுவும் இருக்கலாம். மயிரிழை விரிசல்கள் நீளவாக்கில் ஓடும்; அது வயசு, பயப்பட வேண்டாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்காக இருந்தால் குமிழி தெரியும், அச்சின் பொருத்துக்கோடு தெரியும், கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சி இருக்காது. முன்னே சொன்னபடி இது அபூர்வம்.

அடுத்து கழுத்து, அதாவது எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடம். நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். நிஜப் பல்லில் எனாமல் ஓரம் மெலிந்து வேரின் மேல் படிந்து முடியும். சுற்றி வர ஒரு வளையம்போல மணல் அப்பியிருந்தால் அதன் அடியில் ஏதோ மறைந்திருக்கிறது. அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். பல பசைகள் வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ ஒளிரும். பல்லும் எலும்பும்கூடக் கொஞ்சம் ஒளிரலாம். அதனால் ஒளிர்கிறதா என்பதைப் பார்க்காமல், வெட்டிய மாதிரி ஒரு கோடாக ஒளிர்கிறதா என்று பாருங்கள்.

கோடு தெரிந்தால் பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றுங்கள். வெள்ளைப் பசை என்றால் இளகி, மணல் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். அசையாவிட்டால் அசிட்டோன் தொட்ட குச்சி. பஞ்சில் காப்பி நிறச் சாயம் ஏறினால் யாரோ வண்ணம் பூசியிருக்கிறார்கள். மணல் கழன்று வந்த பிறகு தலையின் சுற்றளவும் வேரின் சுற்றளவும் பொருந்துகிறதா, விரிசல்கள் ஒட்டைத் தாண்டித் தொடர்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்தால் ஒரே பல், நிம்மதி.

மண்ணோடு வந்த பல்லுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. பாஸ்பேட் மண்ணில் குட்டி மீன் பற்களும் சுறாப் பற்களும் கலந்தே இருக்கும். அவை என்ன சுறா என்று பாருங்கள். ஓட்டோடஸ் ஆப்ளிக்கஸ் என்பது தடித்த, முக்கோண வடிவப் பல் கொண்ட பெரிய சுறா. பல்லின் இரண்டு பக்கமும் சின்னக் கூர் இருக்கும். சந்தையில் அதுவும் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சுறா மோசசார்கள் அழிந்த பிறகு வந்தது, மேல் அடுக்குகளில்தான் கிடைக்கும். ஒரே மண்கட்டியில் மோசசார் பல்லும் ஓட்டோடஸ் பல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்தக் கட்டியை உருட்டியது கடல் அல்ல, மனிதன்.

தாடைகளுக்குத் திரும்புவோம். மோசசாரில் ஒரு குழிக்கு ஒரு பல்தான். மொராக்கோவிலிருந்து வந்த ஒரு தாடைத் துண்டை வைத்து 2021இல் ஸெனோடென்ஸ் என்று ஒரு புதிய மோசசாருக்குப் பெயரிட்டார்கள். ரம்பம்போல நெருக்கமான தட்டைப் பற்கள். 2024இல் வேறு ஆய்வாளர்கள் அதே துண்டைக் குறித்து, ஒரு குழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பற்கள் இருப்பதையும் வேறு சில முரண்களையும் சுட்டிக்காட்டி, இது கைவேலையாக இருக்கலாம், சிடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று எழுதினார்கள். ஆய்வுக்கூடத்துக்கே இந்தத் தலைவலி என்றால், கைப்பேசிப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் நமக்கு?

சுத்தம், பிறகு கெட்டிப்படுத்துதல்

முதலில் முகக்கவசம். அந்த மண்ணின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. பாஸ்பேட் மண்ணில் யுரேனியமும் சிறு அளவில் உண்டு, பற்களும் எலும்புகளும் அதை உறிஞ்சியிருக்கும். அலமாரியில் பத்துப் பல் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. தூசை மூச்சில் இழுக்காமலும், வேலை முடிந்ததும் கை கழுவியும் இருந்தால் சரி. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கும் ஆசை உள்ள குழந்தைகளிடம் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். ஒட்டிய மணலை மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக. இரும்பு ஊசி எனாமலில் கீறல் போடும். பித்தளைச் சொம்பைத் தேய்ப்பது போலப் புளியோ எலுமிச்சையோ வினிகரோ போட்டுவிடாதீர்கள். பல் என்பது கால்சியம் பாஸ்பேட். புளிப்பு எதுவானாலும் எனாமலின் பளபளப்பை முதலில் தின்னும். வேரைத் தண்ணீரில் ஊறப்போடுவதும் கூடாது, பிஸ்கட் என்று சொன்னேன் அல்லவா.

வேர் பொலபொலவென்று உதிர்ந்தால் அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். அருங்காட்சியகங்களில் இதற்குப் பயன்படுத்துவது பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். கண்ணாடி மணி மாதிரி வரும். 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம் போடுங்கள். நேரடியாகப் போட்டால் மணிகள் அடியில் ஒட்டிக் கட்டியாகிவிடும். பருத்தித் துணியில் முடிச்சுக் கட்டிச் சீசாவுக்குள் தொங்கவிட்டால் மறுநாள் கரைந்திருக்கும். சொட்டுமருந்துக் குழாயால் வேரில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எலும்பு குடிக்கும், குமிழி வரும். குமிழி நின்றால் போதும். எனாமலுக்கு இது தேவையில்லை, வீணாகப் பளபளக்கும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை: மழைநாளில் இதைச் செய்யாதீர்கள். அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பிசின் வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி மாதத்துச் சென்னையில் என்னுடைய நல்ல பல் ஒன்று அப்படி விபூதி பூசிக்கொண்டது. நல்லவேளை, வெயில் நாளில் அசிட்டோன் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது. இந்தப் பிசினின் பெருமையே அதுதான், எப்போது வேண்டுமானாலும் கரைத்து எடுக்கலாம். உடைந்த துண்டை ஒட்டவும் இதையே கெட்டியாகக் கரைத்துப் பயன்படுத்தலாம். கடையில் கிடைக்கும் உடனடிப் பசை வேண்டாம். கோணலாக ஒட்டிவிட்டால் கோணல் கோணல்தான்.

சீட்டு எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நான்கு பல் இருக்கும்வரை எல்லாம் நினைவில் இருக்கும். பன்னிரண்டு ஆனதும் எது எங்கிருந்து வந்தது என்று குழம்பும், அதற்குப் பிறகு அவை வெறும் பழுப்புக் கூம்புகள். பல்லின் வேரில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், பாராலாய்ட் ஒரு பொட்டு வைத்துக் காயவிடுங்கள். அதன் மேல் மெல்லிய பேனாவால் எண் எழுதி, இன்னொரு பூச்சு. அதே எண்ணில் ஒரு சீட்டு. என் முதல் நேர்மையான பல்லின் சீட்டு இப்படி இருக்கிறது:

எண் 2. மோசசார், தலசோடைட்டனாக இருக்கலாம். கூரிப்கா பாஸ்பேட், மூன்றாம் அடுக்கு, சிதி தாவூய் (விற்றவர் சொன்னது). நீளம் 47 மி.மீ. கழுத்தில் ஒரு ஒட்டு, அதே பல். நுனி உயிரோடிருந்தபோது தேய்ந்தது.

‘விற்றவர் சொன்னது’ என்று எழுதியதைக் கவனியுங்கள். நீங்கள் கண்டது வேறு, கேட்டது வேறு. சீட்டில் இரண்டும் பிரிந்திருக்கட்டும். எண் 1 அந்தத் தாடை. அதையும் வைத்திருக்கிறேன், ‘கைவேலை’ என்று எழுதி.

பெட்டிக்கு மூடி வேண்டும், அடியில் மெத்தென்று நுரைப்பஞ்சு வேண்டும், பற்கள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. மொராக்கோப் பற்களுக்கு ஈரம் பெரிய எதிரி அல்ல. இங்கிலாந்தின் கருங்களிமண் பாறைகளிலிருந்து வரும் பற்களை வாங்கினால் கவனம். அவற்றில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கும். ஈரக்காற்றில் அது அமிலமாக மாறிப் பல்லை உள்ளிருந்து பிளக்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், அடிக்கடி மாற்ற வேண்டும். கடலோர ஊரில் இருப்பவர்கள் முதல் வருடம் அந்த வகையை விட்டுவிடலாம்.

நானே பொறுக்க வேண்டும் என்றால்

இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு லைம் ரீஜிஸ், சார்மவுத் கடற்கரைகள். புதைபடிவங்களைத் தேடி எடுத்து விற்ற மேரி ஆனிங்கின் குடும்பம் 1811, 1812இல் இக்தியோசார் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டை எடுத்த கரை. உதிர்ந்து கடற்கரையில் கிடப்பதைப் பொறுக்கலாம். செங்குத்துப் பாறையில் சுத்தியல் வைக்கக் கூடாது, முக்கியமானது கிடைத்தால் சார்மவுத்தில் உள்ள மையத்தில் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். கடல் நீர் வடியும் நேரத்தில் பொறுக்கப் போங்கள், பாறைக்கு அடியில் நிற்காதீர்கள், அங்கே மண்சரிவு சாதாரணம். பெரும்பாலும் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டோடுதான் திரும்புவீர்கள். பல் கிடைப்பது அதிர்ஷ்டம். அமெரிக்காவில் கூட்டரசு நிலங்களில் முதுகெலும்பிகளின் எச்சங்களை அனுமதியின்றி எடுப்பது சட்டவிரோதம், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

நம் ஊரிலேயே கடல் ஊர்வனவின் பல் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலக் கடலின் அடித்தளம். 1879இலேயே அங்கே கிடைத்த முள்ளெலும்புகளை வைத்து லிடெக்கர் என்ற ஆங்கிலேயத் தொல்லுயிரியலாளர் ஓர் இக்தியோசாருக்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினார். 2011இல் காரை என்ற ஊர்ப்பக்கத்துப் பாறை அடுக்கிலிருந்து இக்தியோசார் பற்களை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அவை சுமார் 10 கோடி ஆண்டுகள் பழையவை. அந்த வம்சமே அற்றுப்போவதற்குச் சற்று முன்பு வாழ்ந்தவை.

ஆனால் காரை, குளக்காநத்தம் பகுதியின் அந்தச் செம்மண் ஓடைகள் இந்தியப் புவியியல் ஆய்வகம் அறிவித்த தேசியப் புவியியல் நினைவிடம். அங்கே பையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு போங்கள். சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஏதாவது பளபளப்பாகக் கண்ணில் பட்டால் பிடுங்காமல், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறமும் தெரியும்படி இன்னொன்று. கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கிவைத்திருந்தால் படத்திலேயே இடம் பதிவாகிவிடும். அதைப் புவியியல் ஆய்வகத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக்கோ அனுப்புங்கள். நாணயத்தை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். நான் அங்கே இதுவரை மூன்று ரூபாய் விட்டு வந்திருக்கிறேன்.